இடித்துக் கட்டுவதா, ஒட்டுப் போட்டு ஓட்டுவதா?

செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மழைக்காலம் வந்தால் மாடிப்படியில் நீர் கசியும். கீழ்த்தளத் தூண்கள் இரண்டில் சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. சொசைட்டிக் கூட்டம் கூடும்போதெல்லாம் ஒரே வாக்குவாதம்தான். ரிப்பேர் செய்து இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம் என்பது ஒரு கட்சி. பில்டரிடம் கொடுத்து இடித்துக் கட்டிவிடலாம் என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சியில் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். மூன்று வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வர நாம் இருப்போமா என்பது எங்கள் கவலை.

அப்படி ஒரு கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த இரவு, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பள்ளி அணியில் இருக்கிறாள். "தாத்தா, வாரியர்ஸ் டீம்ல முக்கியமானவங்களுக்கெல்லாம் வயசாயிடுச்சு. ஒரேயடியா கலைச்சுட்டு சின்னப் பசங்களைப் போட்டா என்ன?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயும் ரிப்பேரா, ரீடெவலப்மெண்டா என்ற சண்டைதான்!

நான் ஒரு காலத்தில் அலுவலக அணிக்காகக் கூடைப்பந்து ஆடியவன். ஆகவே அவளுக்குச் சில நாட்கள் மாலையில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்போது பல குழந்தைகள் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள், பார்க்கிறார்கள். கிரிக்கெட் மட்டுமே தெரிந்த பெற்றோர்களுக்கும் பயன்படட்டும் என்று அதையே இங்கே எழுதுகிறேன்.

கேள்வி ஏன் எழுகிறது?

கூடைப்பந்தில் ஒரு நேரத்தில் களத்தில் இருப்பவர்கள் ஐந்தே பேர். கிரிக்கெட்டில் பதினொருவரில் ஒருவருக்குக் கால் தளர்ந்தால் அவரை ஸ்லிப்பில் நிறுத்தி மறைத்துவிடலாம். இங்கே அது நடக்காது. தாக்குதல், தடுப்பு இரண்டையும் அதே ஐவர்தான் செய்ய வேண்டும். ஒருவர் அரை அடி பின்தங்கினாலும் எதிரணி அந்த இடத்தில்தான் புகும். அதே காரணத்தால் அபூர்வமான ஓர் ஆட்டக்காரர் கிடைத்துவிட்டால் பத்து வருஷத்துக்கு அணியின் தலையெழுத்தே மாறிவிடும்.

என்.பி.ஏ. என்னும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் 30 அணிகள். ஆட்டக்காரர்களைச் சேர்க்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, வேறு அணியுடன் பண்டமாற்றுப் போல ஆள் மாற்றிக்கொள்வது. இரண்டு, ஒப்பந்தம் முடிந்து வெளியே வருபவரைச் சம்பளம் பேசி எடுப்பது. மூன்று, 'டிராஃப்ட்' எனப்படும் ஆண்டுத் தேர்வில் புதிய இளைஞர்களை வரிசைப்படி எடுப்பது.

இந்த வரிசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்த ஆண்டு மோசமாகத் தோற்ற அணிகளுக்கே முதலிடங்களில் வாய்ப்பு அதிகம். வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க 1985 முதல் முதலிடங்களைக் குலுக்கல் முறையில் தருகிறார்கள். அப்படியும் அடிமட்டத்தில் இருப்பவருக்குத்தான் சீட்டு அதிகம். ஐரோப்பியக் கால்பந்தைப் போலக் கடைசி இடத்துக்கு வந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடும் வழக்கமும் இங்கில்லை. தோற்றால் அவமானம் உண்டு, ஆனால் கதவு மூடாது.

இதோடு 1984-85 சீசனிலிருந்து சம்பள உச்சவரம்பு இருக்கிறது. 2024-25-ல் அது ஓர் அணிக்கு 14 கோடி டாலருக்குச் சற்று மேல். தன் சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைக்க இந்த வரம்பைத் தாண்டலாம் என்று ஒரு சலுகை உண்டு. பாஸ்டன் அணியின் லாரி பேர்ட் பெயரால் அது வழங்குகிறது. ஆனால் வெளியாளைக் கொண்டுவர அந்தச் சலுகை உதவாது. ஆகவே மூத்தவரைச் சும்மா போகவிட்டால் அதே பணத்தில் அதே தரமுள்ள இன்னொருவரை வாங்கிவிட முடியாது. பழைய ஆட்களையே பிடித்துக்கொண்டிருக்க நிர்வாகங்கள் ஆசைப்படுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

எனவே வயதாகிவிட்ட அணிக்கு இரண்டு பாதைகள். முக்கியமான ஒன்றிரண்டு தூண்களை வைத்துக்கொண்டு சுற்றியுள்ளவர்களை மாற்றுவது ஒன்று. இதை ஒட்டுப் போடுவது என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர்களுக்கு விலை இருக்கும்போதே அவர்களைக் கொடுத்து, இளைஞர்களையும் வருங்கால டிராஃப்ட் உரிமைகளையும் வாங்கிக்கொண்டு, மூன்று நான்கு வருஷம் தோற்கத் துணிவது மற்றொன்று. அது இடித்துக் கட்டுவது.

பாஸ்டன் காத்திருந்த கதை

1986-ல் பாஸ்டன் செல்ட்டிக்ஸ் 82 ஆட்டங்களில் 67-ஐ வென்று சாம்பியன் ஆனது. லாரி பேர்ட், கெவின் மெக்ஹேல், ராபர்ட் பாரிஷ் மூவரும் அதன் தூண்கள். அந்த ஜூன் மாதமே டிராஃப்டில் இரண்டாவதாக லென் பயஸ் என்ற இளைஞரை எடுத்தார்கள். சாம்பியனாக இருக்கும்போதே அடுத்த தலைமுறைக்கு ஏற்பாடு! இரண்டே நாளில் அவர் போதைப்பொருளால் இறந்துபோனார். 1987-ல் எடுத்த ரெஜி லூயிஸ் நன்றாக வளர்ந்து அணித் தலைவரும் ஆனார். 1993-ல் இதயக் கோளாறால் 27 வயதில் அவரும் போய்விட்டார்.

இதற்கிடையே மூத்தவர்களை அணி கைவிடவே இல்லை. பேர்ட் முதுகு வலியோடு ஆடி 1992-ல் ஓய்வு பெற்றார். மெக்ஹேல் 1993-ல் விலகினார். பாரிஷ் 1994-ல் வேறு அணிக்குப் போனார். மூவருக்கும் ஈடாக அணிக்கு எதுவும் வரவில்லை. 1996-97-ல் 15 வெற்றி, 67 தோல்வி. பதினோரு வருஷத்துக்கு முந்தைய கணக்கு அப்படியே தலைகீழாகிவிட்டது.

அந்த ஆண்டு குலுக்கலில் டிம் டங்கன் என்ற அபூர்வ இளைஞர் காத்திருந்தார். தன் சீட்டோடு டாலஸ் அணியின் சீட்டும் கையில் இருந்ததால் பாஸ்டனுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தது. கிடைத்ததோ மூன்றாவது, ஆறாவது இடங்கள். டங்கன் சான் அன்டோனியோவுக்குப் போனார். இடித்துவிட்டால் புதுக் கட்டடம் தானாக எழும்பிவிடும் என்று எண்ணுபவர்கள் இந்த ஒரு நாளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சான் அன்டோனியோவின் சாமர்த்தியம்

சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் நல்ல அணியாகத்தான் இருந்தது. 1996-97-ல் அதன் பெரிய நட்சத்திரம் டேவிட் ராபின்சன் காயத்தால் ஆறே ஆட்டங்கள் ஆட, அணி 62 ஆட்டங்களில் தோற்றது. அந்த ஒரு கெட்ட வருஷத்தின் பலனாக டங்கன் வந்தார். 1999-ல் முதல் கோப்பை கிடைத்தது. இதில் அதிர்ஷ்டம் உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் செய்தது அதிர்ஷ்டமல்ல. 1999-ல் 57-ஆவது இடத்தில் அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலியை எடுத்தார்கள். 2001-ல் 28-ஆவது இடத்தில் பிரான்ஸிலிருந்து டோனி பார்க்கர். மற்றவர்கள் கவனிக்காத இடத்தில் தேடி, ராபின்சன் 2003-ல் கோப்பையோடு விடைபெறுவதற்குள் அடுத்தவர்களைத் தயார் செய்துவிட்டார்கள். டங்கனுக்கு 35 வயதானபோது, 2011-ல், நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்து காவாய் லெனார்டு என்ற இளைஞரை வாங்கினார்கள். 2014 இறுதிப் போட்டியில் டங்கனுக்கு 38, ஜினோபிலிக்கு 36, பார்க்கருக்கு 32. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு பெற்ற லெனார்டுக்கு 22 வயது.

அந்த சீசனில் ஸ்பர்ஸ் அணியில் ஒருவர்கூட ஆட்டத்துக்குச் சராசரி 30 நிமிடம் ஆடவில்லை. பயிற்சியாளர் கிரெக் பாபவிச் மூத்தவர்களின் நிமிடங்களைக் குறைத்து இளையவர்களுக்குப் பகிர்ந்தார். மூத்தவர்களும் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டார்கள். 1998 முதல் 2019 வரை தொடர்ந்து 22 ஆண்டுகள் அந்த அணி பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றது. ஒட்டுப் போடும் வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒரே பேரத்தில் இரண்டு பாடம்

இனி ஒட்டுப் போடத் தெரியாமல் போட்ட கதை. 2013-ல் புரூக்ளின் நெட்ஸ் அணி உடனே கோப்பை வேண்டும் என்று ஆசைப்பட்டது. 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் பாஸ்டனிடமிருந்து வாங்கியது. விலையாகக் கொடுத்தவற்றில் 2014, 2016, 2018-ஆம் ஆண்டுகளின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளும், 2017-ல் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் இருந்தன. கிடைத்தது 44 வெற்றிகளும், இரண்டாம் சுற்றில் மயாமியிடம் தோல்வியும். அடுத்த கோடையில் பியர்ஸ் விலகினார். 2015 பிப்ரவரியில் கார்னெட்டும் போனார். 2015-16-ல் 21, அடுத்த ஆண்டு 20 என்று வெற்றிகள் சுருங்கின. தோற்றதற்குக் கிடைக்கவேண்டிய டிராஃப்ட் இடங்களோ பாஸ்டன் கையில்.

பாஸ்டன் இந்தத் தடவை பழைய தவற்றைச் செய்யவில்லை. கார்னெட்டும் பியர்ஸும் 2008-ல் கோப்பை வாங்கித் தந்தவர்கள், ஊரே கொண்டாடியவர்கள். ஆனாலும் விலை இருக்கும்போதே அனுப்பிவிட்டார்கள். வந்த உரிமைகளில் 2016-ல் ஜேலன் பிரவுன் கிடைத்தார். 2017-ல் கிடைத்த முதலிடத்தை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து, மூன்றாம் இடத்தையும் கூடுதலாக ஒரு வருங்கால உரிமையையும் வாங்கி, ஜேசன் டேட்டமை எடுத்தார்கள். 2024-ல் பாஸ்டன் கோப்பையை வென்றபோது இந்த இருவர்தான் தூண்கள். ஒருவருடைய ஒட்டு வேலைக்கு விற்ற நிலத்தில் இன்னொருவர் மாடிவீடு கட்டிக்கொண்டார்.

இடிப்பதையே கொள்கையாக வைத்தவர்கள்

ஃபிலடெல்ஃபியா 2013 முதல் மூன்று சீசன்கள் வேண்டுமென்றே அடித்தளம் வரை இடித்தது. வெற்றிகள் 19, 18, 10. மூன்று வருஷத்தில் 199 தோல்விகள்! ஜோயல் எம்பீட் போன்ற பெரிய ஆட்டக்காரர் கிடைத்தார், உண்மைதான். ஆனால் பாஸ்டனிடம் 2017-ல் வாங்கிய முதலிடத்தில் எடுத்தவர் காயத்தாலும் ஆட்டம் குலைந்ததாலும் நிலைக்கவில்லை. 2025 வரை அந்த அணி இரண்டாம் சுற்றைத் தாண்டவும் இல்லை.

இந்த மாதிரி தோற்பதைக் கண்டு விதியையே மாற்றினார்கள். முன்பு கடைசி அணிக்கு முதலிடம் கிடைக்க 25 சதவீத வாய்ப்பு. 2019 குலுக்கலில் அடிமட்ட மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம் என்று குறைத்தார்கள். 2025-ல் 1.8 சதவீத வாய்ப்பே இருந்த டாலஸுக்கு முதலிடம் விழுந்தது.

எண்களில் தெரியாத நஷ்டம் ஒன்றும் உண்டு. தோற்பதற்கென்றே அனுப்பப்படும் அணியில் இருபது வயதுப் பையன் என்ன கற்றுக்கொள்வான்? அடித்துத் திருத்த ஒரு மூத்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் திறமையும் வீணாகும்.

பேத்தியின் வாரியர்ஸ்

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் இரண்டு படகிலும் கால் வைத்துப் பார்த்த அணி. 2020-ல் டிராஃப்டில் இரண்டாமிடம் கிடைத்தது. ஸ்டீஃபன் கரி உள்ளிட்ட மூத்தவர்களை வைத்துக்கொண்டே, ஜேம்ஸ் வைஸ்மேன் போன்ற இளைஞர்களையும் வளர்க்கப் பார்த்தார்கள். 2022-ல் கோப்பை வந்தது. வாங்கித் தந்தவர்கள் பெரும்பாலும் மூத்தவர்களே. வைஸ்மேன் காயத்தால் அந்த சீசன் முழுவதும் ஆடவில்லை. 2023 பிப்ரவரியில் அவரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

இளைஞன் தவறு செய்து கற்க நிமிடங்கள் வேண்டும். கோப்பையைத் துரத்தும் அணியால் அந்தத் தவறுகளைப் பொறுக்க முடியாது. இரண்டும் சேர்ந்து நடக்காமல் போனதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

நான் செய்த தவறு

இவ்வளவும் சொன்ன பிறகு பேத்தி, "நீங்க எப்போ தாத்தா விளையாடறதை நிறுத்தினீங்க?" என்று கேட்டாள். இதை எழுதவேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

1978-ல் விளையாட்டுக்கான ஒதுக்கீட்டில் பம்பாயில் ஒரு பெரிய அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மாட்டுங்காவிலும் நாக்பாடாவிலும் எங்கள் அணி ஆடாத போட்டி இல்லை. பத்து வருஷம் போனதும் நாங்கள் ஐந்து பேரும் முப்பத்திநாலு, முப்பத்தைந்து வயதைத் தொட்டோம். எல்லோரும் ஒரே சமயத்தில் சேர்ந்தவர்கள், ஆகையால் முதுமையும் ஒரே சமயத்தில்தான் வந்தது.

அப்போது எங்கள் மேலாளர் எங்களை அழைத்து, "உங்களில் இரண்டு பேர் பயிற்சியாளராக மாறுங்கள். வேலைக்கு ஆபத்தில்லை. இரண்டு பையன்களை எடுக்க எனக்கு அனுமதி வாங்க முடியும்" என்றார். நாக்பாடாவிலிருந்து ஒரு பையன் தினமும் சாயங்காலம் வந்து எங்களுடன் பயிற்சி செய்துகொண்டிருந்தான். நல்ல உயரம், அதைவிட நல்ல கை. அவனைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார் என்பது எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். ஐந்து பேரும் ஒரே குரலில் இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்றோம். அந்த ஒரு வருஷம் மூன்று வருஷம் ஆயிற்று. என் முழங்கால் போனது, இன்னொருவருக்கு முதுகு. ஆட்களை எடுப்பதையே பிறகு நிறுத்திவிட்டார்கள். அணி கலைந்தது.

சில வருஷங்களுக்கு முன்பு நாக்பாடா பக்கம் போனபோது ஒருவர் மைதானத்தில் குழந்தைகளுக்குப் பந்து போடக் கற்றுத் தந்துகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பகலில் தகப்பனாரின் கடை, மாலையில் இந்தக் குழந்தைகள் என்றார். என் ஹூக் ஷாட்டை இன்னும் மறக்கவில்லை என்று சொல்லி, குழந்தைகளைக் கூப்பிட்டு என்னை அறிமுகம் செய்துவைத்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எப்படித் தீர்மானிப்பது?

என் அனுபவத்திலும் இந்த அணிகளின் வரலாற்றிலும் நான் கண்டுகொண்டவை மூன்று கேள்விகள்.

முதலாவது, தூண் தாங்குமா? அணியின் தலைசிறந்த ஆட்டக்காரர் இன்றும் நாட்டின் முன்னணியில் இருக்கிறாரா? அப்படியானால் இடிக்க வேண்டாம். அத்தகைய ஒருவர் கிடைப்பது துர்லபம். இல்லையென்றால் சுற்றிலும் எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் பயனில்லை.

இரண்டாவது, ரிப்பேருக்குப் பணம் யாருடையது? கையிருப்பைச் செலவழித்தால் சரி. பிள்ளைகளின் பங்கை அடகு வைத்தால் அது புரூக்ளின் வழி.

மூன்றாவது, வீட்டில் அடுத்தவர் வளர்கிறாரா? ஆண்டுதோறும் ஒருவரையோ இருவரையோ சேர்த்து, அவர்களுக்குக் களத்தில் நிமிடமும் தந்து வந்தால், ஒரேயடியாக இடிக்கும் நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். இதற்கு மூத்தவர்களின் மனது வேண்டும். டங்கனுக்கு அது இருந்தது. எனக்கு இல்லை.

வாரியர்ஸ் பற்றிப் பேத்திக்கு நான் சொன்ன பதில் இதுதான்: கரி முன்னணியில் நிற்கும்வரை அவரை அனுப்பக் கூடாது, ஆனால் அவருக்காக வருங்கால உரிமைகளை எல்லாம் விற்கவும் கூடாது. அவள் முழுவதும் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளி அணியில் அவள் இன்னும் பெஞ்சில் காத்திருப்பவள், அவள் பார்வை அப்படித்தான் இருக்கும்.

போன மாதம் எங்கள் சொசைட்டிக்கு எஞ்சினீயரின் சோதனை அறிக்கை வந்தது. தூண்கள் தாங்காது, ரிப்பேர் செய்தாலும் அதிக காலம் நிற்காது என்று எழுதியிருந்தார். என் முதல் கேள்விக்கே விடை கிடைத்துவிட்டது. பில்டரின் பத்திரங்களை வக்கீல் பார்க்கவேண்டும், வாடகைப் பணத்துக்கு வங்கி உத்தரவாதம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். என் வயதுக்காரர்களில் நான்தான் முதல் ஆள். புது வீட்டில் நான் எத்தனை நாள் இருப்பேனோ, பேத்தி இருப்பாள்.